சிரட்டைக் கரியும் பாதரச ஆவியும்

தமிழ்நாட்டில் பெரியாறு என்றதும் முல்லைப் பெரியாறு அணைதான் நினைவுக்கு வரும். அணை தேக்கி நம் பக்கம் திருப்பிவிடும் நீர் போக, மிச்ச ஆறு இடுக்கி மலைகளில் இறங்கி மேற்கே ஓடி, ஆலுவாவில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளைக்கு மங்கலப்புழை என்று பெயர். இன்னொன்று மார்த்தாண்ட வர்மா கிளை. சிவராத்திரிக்குப் பெருங்கூட்டம் கூடிப் பிதிர்க்கடன் செய்யும் மணப்புறம் இந்த ஊரில்தான் இருக்கிறது. அங்கிருந்து சற்றுக் கீழே போனால் ஏலூர், எடயாறு. கேரளத்தின் பழைய ரசாயன ஆலைகளில் பெரும்பாலானவை இந்தச் சிறு வட்டத்துக்குள் நெருங்கி நிற்கின்றன.

அவை இங்கே வந்ததற்குக் காரணங்கள் வெளிப்படையானவை. 1940-இல் பள்ளிவாசல் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. வற்றாத ஆறு பக்கத்தில் ஓடியது. கொச்சித் துறைமுகமும் தூரமில்லை. 1943-இல் அலுமினிய ஆலை வந்தது. அதே ஆண்டில், திருவிதாங்கூர் திவான் சர் சி. பி. ராமசாமி ஐயரின் ஊக்கத்தில், திருச்சியைச் சேர்ந்த சேஷசாயி சகோதரர்கள் ஃபாக்ட் உர நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1947-இல் உற்பத்தி தொடங்கியபோது அம்மோனியாவுக்குத் தேவையான வாயுவை அந்த ஆலை விறகிலிருந்து எடுத்தது. காட்டு மரத்திலிருந்து அம்மோனியம் சல்ஃபேட் உரம் வரை ஒரே வளாகத்துக்குள் நடந்தது என்பது இன்று கேட்டாலும் வியப்பாக இருக்கிறது. பிறகு 1951-இல் திருவிதாங்கூர்–கொச்சி கெமிக்கல்ஸ் உருவானது. ஊரில் அதை டி.சி.சி. என்பார்கள். காஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்ய வந்த ஆலை அது. அதனோடு இந்தக் கரையில் பாதரசமும் காலூன்றியது.

உப்புக்கரைசலில் மின்சாரம் செலுத்தினால் ஒரு முனையில் குளோரின் வரும், மறு முனையில் சோடியம் வரும். சோடியம் தண்ணீரைத் தொட்ட மாத்திரத்தில் காஸ்டிக் சோடாவாக மாறிவிடும். இரண்டையும் ஒன்றோடொன்று கலக்கவிடாமல் பிரித்து எடுப்பதுதான் இந்தத் தொழிலின் மொத்தச் சிக்கலும். 1892-இல் அமெரிக்கர் காஸ்ட்னரும் ஆஸ்திரியர் கெல்னரும் தனித்தனியே ஒரே தீர்வைக் கண்டார்கள். எதிர்மின்வாயாகத் திட உலோகத்துக்குப் பதில் பாதரசத்தை ஓடவிட்டார்கள். சற்றே சாய்ந்த நீண்ட தொட்டியின் அடியில் பாதரசம் மெல்லிய படலமாக ஓடும். அதன்மேல் உப்புநீர் ஓடும். பிரிந்துவரும் சோடியத்தைப் பாதரசம் தன்னுள் கரைத்துக்கொண்டு இரசக்கலவையாகி, தொட்டியை விட்டு வெளியேறிப் பக்கத்துக் கலத்துக்குப் போகும். அங்கே தண்ணீர் காத்திருக்கும். சோடியம் தண்ணீரோடு சேர்ந்து காஸ்டிக் சோடாவாகும், ஹைட்ரஜன் குமிழிட்டு எழும், பாதரசம் வெறுங்கையோடு மறுபடி தொட்டிக்குத் திரும்பும். இப்படிக் கிடைக்கும் காஸ்டிக்கில் உப்பு ஏறக்குறைய இருக்காது. செயற்கைப் பட்டு நூலான ரேயானுக்கு அந்தத் தூய்மை தேவைப்பட்டதால் உலகம் முழுவதும் இந்த முறை பரவியது.

பாதரசம் இந்த வேலையில் செலவாவதே இல்லை என்று பாடநூலில் எழுதலாம். சமன்பாட்டின்படி அது சரி. ஆலையில் அப்படி நடப்பதில்லை. பாதரசம் கொதிக்க 357 டிகிரி செல்சியஸ் வேண்டும் என்றாலும், ஆவியாக அது அதுவரை பொறுத்திருப்பதில்லை. அறையின் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகிறது. நிறமும் மணமும் இல்லாத ஆவி. எழும் ஹைட்ரஜன் அதையும் கூட்டிக்கொண்டு போகும். கலங்களின் முனைப் பெட்டிகளிலிருந்தும், திறந்து பழுதுபார்க்கும் நேரங்களிலும் அது அறைக் காற்றில் கசியும்.

எவ்வளவு போகும் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஒரு டன் காஸ்டிக் சோடாவோடு சுமார் 25 கிலோ ஹைட்ரஜன், அதாவது 280 கன மீட்டர் வாயு, உடன் பிறக்கிறது. நாளொன்றுக்கு 100 டன் செய்யும் ஆலை என்றால் 28,000 கன மீட்டர். 80 டிகிரியில் ஒரு கன மீட்டர் வாயு ஏறத்தாழ 800 மில்லிகிராம் பாதரச ஆவியைத் தாங்கும். 25 டிகிரிக்குக் குளிர்வித்தால் அது 20 மில்லிகிராமாகக் குறையும். மீதியெல்லாம் துளிகளாக வடிந்து தொட்டிக்கே திரும்பிவிடும். குளிர்விப்பது மலிவான முதல் படி, நாற்பதில் முப்பத்தொன்பது பங்கை அதுவே பிடித்துவிடுகிறது. ஆனால் அதோடு நிறுத்தினால் 28,000 கன மீட்டரில் 560 கிராம் ஒவ்வொரு நாளும் வெளியே போகும். வருடத்துக்கு 200 கிலோ. இன்னும் குளிர்வித்து 5 டிகிரிக்குக் கொண்டுபோனாலும் கன மீட்டருக்கு மூன்று, நான்கு மில்லிகிராம் எஞ்சும். மேலும் குளிர்விக்கச் செலவு ஏறிக்கொண்டே போகும், ஆவி தீராது. அந்தக் கடைசிப் பங்கைப் பிடிக்கத்தான் கரி வேண்டும்.

கரி என்றால் அடுப்புக் கரி அல்ல. கிளர்வூட்டிய கரி, தொழிலில் ஆக்டிவேட்டட் கார்பன். இதற்கு உலகம் தேடும் மூலப்பொருள்களில் முதல் வரிசையில் இருப்பது நம் தேங்காய்ச் சிரட்டை. காங்கேயம், பொள்ளாச்சிப் பக்கம் கொப்பரைக்காகத் தேங்காய் உடைக்கும் களங்களிலிருந்தும் கேரளத்து எண்ணெய் ஆலைகளிலிருந்தும் சிரட்டை குவியல் குவியலாகக் கிளம்புகிறது. இலங்கையில் 1973-இல் தொடங்கிய ஹேகார்ப் நிறுவனம் இந்தச் சிரட்டைக் கரியை உலகச் சந்தைக்குக் கொண்டுபோனது. ஆலுவாவை அடுத்த எடயாற்றிலேயே இண்டோ ஜெர்மன் கார்பன்ஸ் ஆலை சிரட்டையிலிருந்து ஆக்டிவேட்டட் கார்பன் செய்கிறது. பாதரசத்தோடு பல பத்தாண்டுகள் வாழ்ந்த ஆற்றங்கரையிலேயே பாதரசத்தைப் பிடிக்கும் பொருளும் தயாராகிறது. இரண்டையும் ஒரே வரைபடத்தில் பார்ப்பவர்கள் மிகக் குறைவு.

சிரட்டையை முதலில் காற்றுப் போதாமல் மூட்டம் போட்டுக் கரியாக்குகிறார்கள். திறந்த குழியில் போட்டால் புகையும் தாரும் அக்கம்பக்கத்தை வதைக்கும். கரிக்குழிகளுக்கு எதிராகக் கொங்குப் பகுதிக் கிராமங்கள் குரல் கொடுத்ததற்கு நியாயமான காரணம் உண்டு. காற்றைச் சுத்தம்செய்யும் பொருள் பிறக்கும் இடத்தில் காற்றும் கிணற்று நீரும் கெட்டால் அதற்கு எந்தச் சமாதானமும் சொல்ல முடியாது. மூடிய உலையில், புகையையும் எரித்து, அந்த வெப்பத்தையே பயன்படுத்தும் முறைகள் இருக்கின்றன.

அடுத்தது கிளர்வூட்டல். கரியைச் சுழலும் நீண்ட உலையில் 850 முதல் 1000 டிகிரி வரை காய்ச்சி நீராவியைச் செலுத்துகிறார்கள். நீராவி கார்பனை அரித்து கார்பன் மோனாக்சைடாகவும் ஹைட்ரஜனாகவும் மாற்றிக்கொண்டே உள்ளே போகிறது. அரித்த இடமெல்லாம் நுண்துளை. சிரட்டைக் கரியில் இந்தத் துளைகளில் பெரும்பாலானவை 2 நானோமீட்டருக்கும் குறுகலானவை. ஒரு கிராம் கரிக்குள் துளைச் சுவர்களை எல்லாம் விரித்துப் போட்டால் 1000 சதுர மீட்டரைத் தாண்டும். கால் ஏக்கர் நிலத்தைக் கைப்பிடிக்குள் மடித்து வைத்ததுபோல. வாயுவில் வரும் மூலக்கூறுகள் அந்தச் சுவர்களில் ஒட்டிக்கொள்வதைத்தான் பரப்புக் கவர்தல் என்கிறோம். மரக்கரியைவிடச் சிரட்டைக் கரி கடினமானது, எளிதில் பொடியாகாது. வாயு வேகமாகப் பாயும் படுக்கையில் இந்தக் குணம் பெரிதும் உதவுகிறது.

இவ்வளவு பரப்பு இருந்தும் பாதரசத்தை வெறும் கரி நம்பகமாகப் பிடிப்பதில்லை. பாதரச அணு தன் எலெக்ட்ரான்களை இறுக்கி வைத்திருக்கும், தனியே திரிய விரும்பும் அணு. துளைச் சுவரில் பட்டால் பலவீனமாக ஒட்டும். கொஞ்சம் சூடேறினாலோ, வேறு மூலக்கூறுகள் நெருக்கினாலோ விட்டுப் போய்விடும். அதனால் கரியில் ஒரு ரசாயனத் தூண்டிலை வைக்கிறார்கள். அந்தத் தூண்டில் பெரும்பாலும் கந்தகம்தான்.

ரசமும் கந்தகமும் ஒன்றையொன்று விடாது என்பது சித்த மருத்துவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். கல்வத்தில் இரண்டையும் சேர்த்து அரைத்தால் வெள்ளிப் பளபளப்பு மறைந்து கறுத்த பொடியாகும். இயற்கையில் இதே சேர்க்கை சிவந்த தாதுவாகச் சாதிலிங்கம் என்ற பெயரில் கிடக்கிறது. இரண்டும் மெர்க்குரிக் சல்ஃபைடுதான். தண்ணீரில் கரைவது இல்லையென்றே சொல்லுமளவுக்கு அவ்வளவு உறுதியான பிணைப்பு. கந்தகத்தை உருக்கிக் கரியின் நுண்துளைகளில் படியவைத்துவிட்டால், துளைக்குள் நுழையும் பாதரச அணு சுவரில் தொற்றுவதோடு நிற்காமல் கந்தகத்தோடு சேர்ந்து அங்கேயே சல்ஃபைடாகிவிடும். ஒரு கிராம் கந்தகம் கணக்குப்படி ஆறு கிராமுக்கும் மேல் பாதரசத்தைக் கட்டிவைக்கலாம். நடைமுறையில் அதில் ஒரு பகுதிதான் கிடைக்கும், ஏனெனில் துளையின் வாயில் சல்ஃபைடு படிந்ததும் உள்ளே இருக்கும் கந்தகம் பயன்படாமல் போகிறது. கந்தகத்தை எவ்வளவு ஏற்றுவது, எந்த வெப்பத்தில் ஏற்றுவது என்பதில்தான் கரி செய்பவர்களின் கைத்திறன் தெரியும். அதிகம் ஏற்றினால் துளையே அடைபடும்.

இந்தக் கரிப் படுக்கையை வைத்து வேலை வாங்குவதிலும் நுணுக்கங்கள் உண்டு. குளிர்வித்து வரும் ஹைட்ரஜனில் ஈரம் நிறைந்திருக்கும். அப்படியே படுக்கைக்குள் விட்டால் துளைகளில் தண்ணீர் தேங்கிப் பாதரசத்துக்கு இடமிருக்காது. அதனால் குளிர்வித்த வாயுவை மறுபடி சில டிகிரி சூடாக்கி அனுப்புகிறார்கள். குளிர்விப்பதும் உடனே சூடாக்குவதும் பார்ப்பவர்களுக்கு வீண்செலவாகத் தோன்றும். அந்தச் சில டிகிரிதான் படுக்கையின் ஆயுளை நிர்ணயிக்கிறது. மறு பக்கம், வெப்பம் மிகுந்தால் கந்தகமே கரியை விட்டு ஆவியாகிப் போய்விடும். இரண்டு எல்லைக்கும் நடுவில் ஓட்ட வேண்டும். படுக்கையின் முன்புறம் நிறைந்ததும் பிடிக்கும் வேலை மெல்லப் பின்னே நகரும். வெளிவாயில் அளவீடு ஏறத் தொடங்கும் வரை காத்திருக்காமல், ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு படுக்கை வைத்து நடுவில் அளப்பது நல்ல ஆலையின் வழக்கம்.

எடயாற்றில் பாதரசம் இன்னொரு வழியாகவும் வந்திருக்கும். 1967-இல் அங்கே பினானி நிறுவனத்தின் துத்தநாக உருக்காலை தொடங்கியது. அதனால்தான் அந்த இடத்துக்குப் பினானிபுரம் என்று பெயர் நிலைத்தது. துத்தநாகத் தாது சல்ஃபைடு வகை. பாதரசமும் சல்ஃபைடாக அதோடு ஒட்டிக்கொண்டு வரும். வறுக்கும் உலையில் 900 டிகிரிக்கு மேல் போகும்போது கந்தகம் கந்தக டையாக்சைடாகும், பாதரசம் முழுக்க ஆவியாகும். அந்த வாயுவிலிருந்துதான் கந்தக அமிலம் செய்கிறார்கள். பாதரசத்தை முதலில் எடுக்காவிட்டால் அமிலத்தில் ஏறி, அந்த அமிலம் போகுமிடமெல்லாம் போகும். உலகின் துத்தநாக ஆலைகளில் இதற்குப் பெரும்பாலும் மெர்க்குரிக் குளோரைடு கரைசலால் வாயுவைக் கழுவுகிறார்கள். ஆவிப் பாதரசம் கரைசலில் உள்ள பாதரசத்தோடு சேர்ந்து கரையாத கலோமெலாகப் படியும். பாதரசத்தைப் பாதரசத்தாலேயே பிடிக்கும் முறை இது. மிச்சம் மீதியைப் பிடிக்க இங்கும் கரி வடிகட்டி வைப்பதுண்டு.

அனல்மின் நிலையத்தில் காட்சி வேறு. ஒரு டன் நிலக்கரியில் பாதரசம் கிராமில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு என்ற அளவில்தான் இருக்கும். எரிந்த பிறகு வரும் புகைவாயுவில் கன மீட்டருக்குச் சில மைக்ரோகிராம். 10 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொண்டால் பத்து லட்சம் கன மீட்டர் வாயுவில் வெறும் 10 கிராம். ஒரு பெரிய அலகிலிருந்து மணிக்கு இருபது லட்சம் கன மீட்டர் அளவில் புகைவாயு வருவதால் ஆண்டு முழுவதும் கூட்டினால் அது நூறு கிலோவைத் தாண்டிவிடும். இவ்வளவு வாயுவைப் படுக்கையில் செலுத்த முடியாது. மாறாகக் கரியை மாவாக அரைத்துப் புகைக்குழாய்க்குள் ஊதுகிறார்கள். பறந்து போகும் சில நொடிகளுக்குள் பாதரச அணு ஒரு கரித்துகளைச் சந்திக்க வேண்டும். அதனால் பாதரசத்தின் எடையைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு கரியைத் தூவ வேண்டியிருக்கிறது. இங்கே தூண்டில் புரோமின். அது பாதரசத்தை ஆக்சிஜனேற்றி ஒட்டும் வடிவத்துக்குக் கொண்டுவருகிறது. பிறகு துணிப்பை வடிகட்டியில் கரியும் சாம்பலும் சேர்ந்து படியும் படலம், கடந்து போகும் வாயுவை மறுபடி ஒருமுறை வடிக்கும்.

இந்தியா 2015 டிசம்பரில் அனல்மின் நிலையங்களுக்குப் பாதரச வரம்பு விதித்தது, கன மீட்டருக்கு 0.03 மில்லிகிராம். அதாவது 30 மைக்ரோகிராம். மேலே சொன்ன 10 மைக்ரோகிராம் உதாரணம் எந்தக் கரியும் தூவாமலே இந்த வரம்புக்குள் அடங்கிவிடும் என்பதைக் கவனிக்க வேண்டும். வரம்பு இருப்பது நல்லது. ஆனால் கரிப்பொறி வைக்க வேண்டிய கட்டாயத்தை இந்த எண் பல இடங்களில் உருவாக்காது. வரம்பை இறுக்க வேண்டும் என்றே நான் நினைக்கிறேன்.

இனி அதிகம் பேசப்படாத பகுதிக்கு வருகிறேன். பாதரசம் ஒரு தனிமம். எரித்தால் சாம்பலாகாது, நுண்ணுயிர் தின்று செரிக்காது. கரி அதை அழிப்பதில்லை, இடம் மாற்றி வைக்கிறது. வாயுவில் இருந்தது கரியில் இருக்கும், அவ்வளவுதான். எனவே புகைபோக்கியின் அளவீடு சுழிக்கு அருகில் இறங்கிவிட்டது என்று ஓர் ஆலை காட்டினால் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி, கரி எங்கே போனது என்பது.

அனல்மின் நிலையத்தில் அது சாம்பலோடு போகிறது. சாம்பல் செங்கல்லாகிறது, சிமென்டில் சேர்கிறது. சிமென்ட் சூளையில் வெந்த கிளிங்கரை அரைத்து அதோடு சாம்பலைக் கலந்தால் பாதரசம் பெரும்பாலும் அங்கேயே அடங்கியிருக்கும். அதே சாம்பலை அந்தச் சூளைக்கு மூலப்பொருளாகப் போட்டால், 1450 டிகிரியில் கரி எரிந்து பிடித்த பாதரசம் முழுவதும் வேறொரு ஊரின் புகைபோக்கி வழியே மறுபடி காற்றில் ஏறும். ஒரே சாம்பல், எந்த வாயில் வழியாக உள்ளே போகிறது என்பதைப் பொறுத்து இரண்டு விதி. இதை ஆலைகளுக்கிடையே யாரும் கணக்கு வைக்கவில்லை என்றால் கவலைப்படத்தான் வேண்டும்.

கரையோர மக்களுக்கு இது வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. காற்றில் ஏறும் பாதரசம் மழையோடு இறங்குகிறது. கழிவுநீரில் போவது நேராகச் சேற்றில் தங்குகிறது. கொச்சிக் காயலின் அடிச்சேற்றில் பாதரசம் கூடியிருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். காற்றில்லாத சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்கள் அதை மெத்தில் பாதரசமாக்கும். அது மீனில் சேரும், சிறு மீனைத் தின்னும் பெரு மீனில் இன்னும் கூடும். ஜப்பானின் மினமாட்டாவில் 1956-இல் வெளிப்பட்ட நோயும் மீன் வழியாகத்தான் மனிதரை அடைந்தது. சோற்றோடு மீன் இல்லாத நாள் அரிதான கரை இது. இங்கே வாழ்பவர்களிடம் மீனைக் குறையுங்கள் என்று அறிவுரை சொல்வது ஒரு தீர்வே அல்ல.

டி.சி.சி. கடைசியில் எடுத்த வழி பாதரசத்தையே விட்டுவிடுவது. 1990களின் பிற்பகுதியில் தொடங்கி அந்த ஆலை சவ்வுக் கலங்களுக்கு மாறியது. சோடியம் அயனியை மட்டும் கடக்கவிடும் மெல்லிய பாலிமர் சவ்வு, பாதரசம் செய்துவந்த பிரிக்கும் வேலையைச் செய்கிறது. மின்சாரச் செலவும் குறைவு. 2003-இல் நாட்டின் எல்லாக் காஸ்டிக் ஆலைகளும் 2012-க்குள் மாற வேண்டும் என்று இலக்கு வைக்கப்பட்டது. இந்தியா 2018-இல் ஏற்றுக்கொண்ட மினமாட்டா உடன்படிக்கை உலகம் முழுவதும் இந்தத் தொழிலில் பாதரசத்துக்கு 2025 என்று எல்லை குறித்தது. காஸ்டிக் சோடாவுக்கு இப்படி ஒரு மாற்று இருந்தது நல்வாய்ப்பு. நிலக்கரிக்கும் துத்தநாகத் தாதுவுக்கும் அப்படி இல்லை. அவற்றில் பாதரசம் நாம் சேர்த்தது அல்ல, உடன் வருவது. நிலக்கரி எரியும் வரை கரி தேவைப்படும்.

பாதரசக் கலங்கள் ஓடிய காலத்தில் பல நாடுகளிலும் ஒரு புதிர் இருந்தது. ஆலை ஆண்டுதோறும் வாங்கிய பாதரசத்துக்கும், காற்று, நீர், கழிவு, பொருள் எல்லாவற்றிலும் அளந்து காட்டியதற்கும் இடையே பெரிய இடைவெளி. குழாய்களில் தங்கியது, தரையடி மண்ணில் இறங்கியது, அளக்காமல் ஆவியானது என்று பல விளக்கங்கள் சொன்னார்கள். உள்ளே வந்ததும் வெளியே போனதும் சமமாகும் வரை கணக்கை மூடக்கூடாது என்பதைப் பொறியாளர்கள் அந்தப் புதிரிலிருந்தே கற்றார்கள். கரிப் படுக்கை வைத்த ஆலையிலும் இதே கணக்குதான்.

பிடித்த கரிக்கு இன்று மூன்று வழிகள் இருக்கின்றன. கொச்சியை அடுத்த அம்பலமேட்டில் இருப்பதைப் போன்ற அபாயக்கழிவுப் புதைகுழியில், நீர் புகாத படலங்களுக்குள் புதைப்பது ஒன்று. மூடிய பாத்திரத்தில் வாட்டிப் பாதரசத்தை மறுபடி திரவமாக வடிப்பது இன்னொன்று. அப்படி வடித்ததை மறுபடி விற்றால் சங்கிலி திரும்பத் தொடங்கும். மூன்றாவது, வடித்த பாதரசத்தைக் கந்தகத்தோடு சேர்த்துச் சாதிலிங்கம் போன்ற சல்ஃபைடாக்கி நிலத்தடியில் நிரந்தரமாக வைப்பது. ஜெர்மனி தன் பழைய உப்புச் சுரங்கங்களை இதற்குப் பயன்படுத்துகிறது.

நம் நாட்டில் மூன்றாவதற்கு இன்னும் வழி அமைத்தாக வேண்டும். கொடைக்கானலில் 1980களில் தொடங்கி 2001-இல் மூடப்பட்ட வெப்பமானி ஆலையின் பாதரசம் கலந்த கண்ணாடியும் பிற கழிவுமாக 290 டன்னை 2003-இல் கப்பலேற்றி அமெரிக்காவின் பென்சில்வேனியாவுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அனல்மின் நிலையங்களும் துத்தநாக ஆலைகளும் கரியால் பாதரசத்தைப் பிடிக்கப்போகும் காலத்தில், அந்தக் கரியை ஏற்கும் இடம் எது என்பதை ஆலைக்கு அனுமதி கொடுக்கும் நாளிலேயே எழுதி வாங்க வேண்டும். எத்தனை கிலோ கரி போனது, அதில் எவ்வளவு பாதரசம், எந்தத் தேதியில், எந்த வாயில் வழியாக என்ற பதிவை ஆலையைச் சுற்றி வாழ்பவர்கள் கேட்டதும் எடுத்துக் காட்ட முடிய வேண்டும்.